இடது கைப் பெருவிரல்

ராயபுரம் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன், பதினெட்டு வருஷம்.
தஸ்தாவேஜு என்று எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பேன்,
அதற்குள் ஒரு கை இருப்பது
போன மழைக்குத்தான் தெரிந்தது.

எடைக்கு வந்த அகராதி. அட்டை இல்லை.
பாரசீகத்தில் தஸ்த் என்றால் கை.
கையில் தொங்குவது தஸ்தாவேஜு.
கைப்பிடி அளவு காகிதம் தஸ்தா.
(அண்ணாச்சி கடையில் ஒரு தஸ்தா பேப்பர் கொடுங்க என்று
கையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.)

வடமொழியில் ஹஸ்த.
அவெஸ்தாவில் ஜஸ்த, அந்த ஜ-வில் ஒரு வண்டு ரீங்கரிக்க வேண்டும்.
இந்திக்கு வரும்போது ஸ் உதிர்ந்து ஹாத்.
எம்.சி. ரோட்டு வளையல் கடையில்
சேட்டம்மா தினமும் கேட்பது.
காஷ்மீரில் ஹ-வும் கரைந்து அத.
நாடோடிகள் ஐரோப்பா வரை சுமந்துபோனது வஸ்த்.
அதற்குக் கீழே நாலு வரியைக் கரையான் தின்றிருந்தது.

எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் ஒன்று இருந்ததாம்.
யாரும் எழுதிவைக்கவில்லை.
பிள்ளைகளின் முகஜாடையை வைத்து ஊகித்து
முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள்.

நம் கை இந்தக் குடும்பமில்லை.
பக்கத்து வீடு.
அவர்கள் யானையை ஹஸ்தி என்றார்கள், கை உள்ளது.
நாம் கைம்மா என்றோம்.
சொல்லிவைத்துக்கொண்டா பார்த்தோம்?

பார்சி கோயில் தெரு ஃபிரேனி அம்மாள்
வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது கேட்டேன்.
"ஜஸ்தவா? பிரார்த்தனையில் வருமே!"
கைப்பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு
நடுத்தெருவில் இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டினாள்.
"அர்த்தம் கேட்காதே. கை இப்படி இருக்கணும், அவ்வளவுதான்."
ஒரு ஆட்டோ வந்து நின்றது.

தேசப்பன் வந்தது அதற்கடுத்த வியாழக்கிழமை.
காசிமேடு. அண்ணனுக்கு வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கிறான்.
விடுதலைப் பத்திரம் என்று நான் தலைப்பு அடித்ததும்
சிரித்தான். "நல்லா வெச்சிக்கீறீங்க பேரு."
நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டு
பதினோரு மாசம் உள்ளே இருந்தவன்.
படகு இன்னும் அங்கேதான், வெயிலில்.
"அவங்க பாஷ எதுனா கத்துக்கினியா?" சும்மாதான் கேட்டேன்.

"இன்னாத்தக்கா. ஒண்ணே ஒண்ணு. அத் உஸ்ஸன்ன.
துப்பாக்கிய நீட்டிக்கினு சொன்னானுங்க.
அர்த்தம் எவனும் சொல்லல,
கை தானா தூக்கிக்கிச்சு."

அத்.
தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.
கரையான் தின்ற நாலு வரியில் ஒன்று
என் முன்னால்
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.
அவன் இப்போதும் கையைத் தூக்கித்தான் காட்டினான்,
ஃபிரேனி அம்மாள் தூக்கிய அதே உயரம்.
ஆட்டோ எதுவும் நிற்கவில்லை.

உள்ளே மை அட்டையை நீட்டினார் கிளார்க்.
இடது கைப் பெருவிரல்.
தேசப்பன் கையை மேஜைமேல் வைத்தான்.
நாலு விரல்தான் இருந்தது.
வலை இழுக்கும் வின்ச்சில், ரெண்டு வருஷம் முன்னே.
இத்தனை நேரம் அந்தக் கையில்தானே டீ கிளாஸ் இருந்தது,
நான் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்த விரலை வை. காரணத்தைக் கீழே எழுதும்மா."

ஆள்காட்டி விரலின் ரேகை சுழி சுழியாக இறங்கியது.
பக்கத்தில், வழக்கம் போல,
சின்னதாய் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன்.

"இன்னாக்கா அது, பூ போடற?"

"முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்லன்னு அர்த்தம்."

மையைத் தலைமுடியில் துடைத்தபடி
கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.
"மழ வந்தா இன்னும் அரிக்குது.
அத்தையும் எழுதிக்க."